சைவத் துப்பாக்கி

எங்கள் வீட்டில் ஒரு துப்பாக்கி இருந்தது என்று சொன்னால் என் மருமகள் நம்ப மாட்டேன் என்கிறாள். நயினார் வீடு, அதாவது தமிழ்ச் சமணர் வீடு. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். பூண்டும் வெங்காயமும் வாசற்படி தாண்டக் கூடாது. விறகில் எறும்பு ஊர்ந்தால் தட்டி விரட்டிவிட்டுத்தான் அடுப்பில் வைக்க வேண்டும். இந்த வீட்டில் துப்பாக்கியா என்று கேட்கிறாள். இருந்ததடி அம்மா. ஒற்றைக் குழல், லைசென்சோடு. அது மட்டுமில்லை, அதற்கான தோட்டாக்களை வீட்டிலேயே உட்கார்ந்து பிரித்து மறுபடி அடைத்தவர்கள் நாங்கள். பசை காய்ச்சியது நான். பத்து வருஷம் அடைத்தோம். அதில் ஒரே ஒரு தோட்டாவைப் பற்றித்தான் இன்றைக்கும் எனக்கு மனசு ஆறவில்லை.

என் வீட்டுக்காரர் திருவண்ணாமலையில் ஹைஸ்கூல் கணக்கு வாத்தியார். தேரடியிலிருந்து நாலு வீதி தள்ளி வீடு. அடி அண்ணாமலையில் அவருடைய அப்பா விட்டுப்போன இரண்டு ஏக்கர் நிலம், அதில் மல்லாட்டை. மற்ற ஊர்க்காரர்கள் வேர்க்கடலை என்று சொல்வதுதான் எங்களுக்கு மல்லாட்டை. மண்ணுக்கடியில் விளைவதைச் சாப்பிடக் கூடாது என்பீர்களே, இது மட்டும் எப்படி என்று பக்கத்து நிலத்துக்காரர் வருஷத்துக்கு ஒரு தடவையாவது கேட்டுவிடுவார். அது கிழங்கு இல்லை, காய், பூ மேலே பூத்து மண்ணுக்குள் இறங்குகிறது என்று கணக்கு வாத்தியார் வரப்பில் நின்று தாவரப் பாடம் நடத்துவார். அவர் முழுசாகக் கேட்டுவிட்டு, அடுத்த வருஷமும் கேட்பார்.

நிலத்தோடு சேர்ந்து வந்ததுதான் துப்பாக்கியும். பயிர்ப் பாதுகாப்புக்கென்று மாமனார் காலத்தில் வாங்கிய லைசென்ஸ். காட்டுப்பன்றி இறங்குகிற நிலம் அது. ஒரு குடும்பமாக இறங்கினால் ஒரு பொழுதில் கால் ஏக்கரை உழுதுவிட்டுப் போகும். லைசென்சைப் புதுப்பிக்க அப்போதெல்லாம் ஜில்லாத் தலைநகரான வேலூருக்குத்தான் ஓட வேண்டும். எங்கள் ஊர் ஓரத்து வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசும் அதைச் சுற்றி வீடுகளும் வருமென்று யார் கண்டார்கள். தோட்டாவும் வேலூர்க் கடையில்தான். வருஷத்துக்கு இத்தனை என்று லைசென்சில் குறித்துத் தருவார்கள். அதை ஒரு டிபன் கேரியரில் வைத்து, மடியில் அணைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவார். பக்கத்து சீட்டுக்காரர் வாசனை பிடித்துப் பார்த்திருப்பார், பாவம்.

வாங்கி வந்த தோட்டாவை அப்படியே போட்டுச் சுட்டால் பன்றி சாகும். பன்றி செத்தால் அந்தப் பாவம் யாருக்கு? அதனால் தோட்டாவைப் பிரித்து, உள்ளே இருக்கும் ஈயக் குண்டுகளைக் கொட்டிவிட்டு, அந்த இடத்தில் தவிட்டை அடைத்து, மறுபடி மூடிவிடுவார். சத்தம் வரும், புகை வரும், குழலிலிருந்து தவிடு பறக்கும். பன்றி பயந்து ஓட வேண்டும், ஆனால் அதன் மயிர்கூட உதிரக் கூடாது. இதுதான் அவருடைய ஏற்பாடு. அந்தத் தவிடு எங்கள் மாட்டுக்கென்று நான் எடுத்து வைத்த தவிடு. மாட்டைக் கேட்டாரா, என்னைக் கேட்டாரா? கேட்கவில்லை.

தோட்டா அடைப்பது ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில், கொல்லைப் பக்கத்து அறையில், ஜன்னலோரம் போட்ட மேசையில். அந்த மேசைக்கு மேலே பத்து விதிகள் ஒட்டியிருக்கும். அரையாண்டுப் பரீட்சைக் கேள்வித்தாளின் பின்பக்கத்தில், சிவப்பு மையில், வாய்ப்பாடு மாதிரி வரிசையாக எழுதியிருப்பார். முதல் விதி, வீட்டில் எங்கேயும் நெருப்பு இருக்கக் கூடாது. அடுப்பில் தணல் இருக்கக் கூடாது, சாமி மாடத்தில் விளக்கு இருக்கக் கூடாது, ஊதுவத்தி கூடாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானக் காபி போச்சு. இரண்டாவது, ஒரு நேரத்தில் ஒரே தோட்டாதான் திறந்திருக்க வேண்டும். மூன்றாவது, பேசக் கூடாது. யாராவது கூப்பிட்டால் கையில் இருப்பதை மூடிய பிறகுதான் எழுந்திருக்க வேண்டும். இந்த மூன்றாவது விதியைப் போட்டபோது என்னைத்தான் பார்த்தார்.

நாலாவது விதி நைலக்ஸ் புடவை. அந்த வருஷங்களில் ஊரெல்லாம் நைலக்ஸ் பைத்தியம். எனக்கும் தீபாவளிக்கு ஊதாவில் ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தார். அதைக் கட்டிக்கொண்டு மேசைப் பக்கம் போனால், "அந்தத் துணி உரசினா பொறி வரும், போய் நூல் புடவை கட்டிக்கினு வா"ன்னு திருப்பி அனுப்பிவிடுவார். நானும் விடவில்லை. நூல் புடவை கட்டச் சொல்லத் துப்பாக்கி வாங்கின ஆம்பளை உலகத்திலேயே நீங்க ஒருத்தர்தான் என்றேன். பேசக் கூடாது என்ற விதியை விரலால் தொட்டுக் காட்டினார்.

மீதி விதிகளும் இப்படித்தான். காகிதக் கூடு ஈரத்தில் உப்பியிருந்தால் அந்தத் தோட்டாவைத் தொடாதே, தனியாக எடுத்து வைத்துக் கடையிலேயே திருப்பிக் கொடு. உள்ளே இருக்கும் வெடிமருந்தைக் கிளறாதே, அது நம்முடைய வேலை இல்லை. மருந்து ஒரு சிட்டிகை சிந்தினாலும் அன்றைக்கு வேலை அத்தோடு முடிந்தது, ஈரத்துணியால் துடைத்துவிட்டு எழுந்திரு. வெடிக்காமல் போன தோட்டாவைக் குத்திப் பார்க்காதே. தவிடு அடைத்ததுதானே என்று குழலை யார் பக்கமும் நீட்டாதே, வானத்தைப் பார்த்துத்தான் சுட வேண்டும். ஞாபகத்தை நம்பி எண்ணாதே, பொருளை வைத்து எண்ணு. வீட்டில் இந்த மாதிரி வேலை செய்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் எழுதி வைத்துக்கொள்ளட்டும். அவர் நடத்தின பாடத்தில் தப்பு இருந்ததாக யாரும் சொன்னதில்லை. பதினோராவது விதி ஒன்றும் உண்டு. அது பின்னால் வந்தது.

பக்கத்து நிலத்துக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாயில் பீடியோடு நேரே கொல்லை வழியாக வந்துவிட்டார். இவர் மேசையிலிருந்து ஒரு சத்தம் கொடுத்தார் பாருங்கள், வகுப்பில்கூட அப்படிக் கத்தியிருக்க மாட்டார். அவர் பீடியைத் தொட்டித் தண்ணீரில் போட்டுவிட்டு, "இன்னா வாத்தியாரே, பன்னிக்குன்னு வாங்கனதுல மனுசனப் பயமுறுத்தறியே"ன்னு சிரித்தார். எங்கள் துப்பாக்கிக்குச் சைவத் துப்பாக்கி என்று பெயர் வைத்தவரும் அவர்தான். அடி அண்ணாமலை முழுக்க அந்தப் பெயர் பரவிவிட்டது. நான் காய்கறிக் கடைக்குப் போனால்கூட, சைவத் துப்பாக்கி வீட்டம்மா வந்திருக்காங்க, அவரைக்காய் பிஞ்சாப் பாத்துப் போடு என்பார்கள்.

என் வேலை பசையும் பொட்டும். அவர் தோட்டாவின் வாயைத் திறந்து, மேல் அட்டையை எடுத்து, மிளகு அளவு ஈயக் குண்டுகளைக் காகிதத்தில் கொட்டி, தவிட்டை அடைத்து, அட்டையைத் திருப்பி வைத்து நிறுத்துவார். காலையிலேயே காய்ச்சி ஆறவைத்த மைதாப் பசையால் நான் விளிம்பை ஒட்டுவேன். ஒட்டியது காய்ந்ததும் அதன் தலையில் என் சாந்துப் பொட்டுக் குச்சியால் ஒரு பொட்டு. பொட்டு இருந்தால் காலி செய்த தோட்டா, இல்லாவிட்டால் நிஜத் தோட்டா. இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றேதான். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு அடைக்கிற பன்னிரண்டு தோட்டாவும் மேசையில் பொட்டு வைத்துக்கொண்டு வரிசையாக நிற்கும்போது பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நிறுத்தின மாதிரி இருக்கும். நிற்க வைத்தபடியேதான் பொட்டு வைப்பேன். கையில் எடுக்கிற வேலையே எனக்கு இல்லை.

கொட்டின ஈயத்தைத் தோட்டாவுக்கு ஒரு பொட்டலமாகப் பையன்களின் விடைத்தாளில் மடிப்பார். பன்னிரண்டு தோட்டா, பன்னிரண்டு பொட்டலம். பொருளை வைத்து எண்ணு என்பது இதைத்தான். அப்புறம் அந்த ஈயத்தை என்ன செய்வது? ஏரியில் மீன் பிடிக்கிறவர்கள் வலைக்குக் கட்டக் கேட்டார்கள். தரவில்லை. அதுவும் ஓர் உயிரைக் கொல்லத்தானே போகிறது என்றார். பழைய இரும்புக் கடைக்காரர் கேட்டார். அவர் யாருக்கு விற்பார் என்று தெரியாதே என்றார். ஆக, எங்கள் கட்டிலுக்கடியில் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய ஈயம். வீடு பெருக்க அந்தப் பெட்டியை நகர்த்த எனக்கு உயிர் போகும். பன்றியின் உயிரைக் காப்பாற்றிவிட்டு என் இடுப்பை ஒடித்தார் மனுஷர்.

முதல் ஐந்தாறு வருஷம் எல்லாம் சரியாகவே நடந்தது. விடியற்காலையில் சைக்கிளில் போவார், சேற்றில் தடம் பார்ப்பார், வானத்தைப் பார்த்து ஒன்று போடுவார். பன்றிகள் ஓடும். அப்புறம் அவற்றுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. சத்தம் கேட்டால் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி தோண்ட ஆரம்பித்தன. "பன்னிக்குப் புரிஞ்சு போச்சு வாத்தியாரே, இது சைவம்னு"ன்னு பக்கத்து நிலத்துக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இவர் குழலைக் கொஞ்சம் தாழ்த்திப் பார்த்தார், தவிடு முகத்துக்கு நேரே பறந்தால் பயப்படுமோ என்று. வானத்தைப் பார்த்துத்தான் சுட வேண்டும் என்ற விதியை எழுதினவரே மீறினார். எனக்கு அது பிடிக்கவில்லை, சொன்னேன். தவிடுதானே என்றார்.

அந்த வருஷம் களையெடுப்பில்தான் அது நடந்தது. எங்கள் நிலத்தில் வழக்கமாக வேலைக்கு வருகிற பெண், என் வயதுக்காரி, மற்றவர்கள் வருவதற்கு முன்னால் தனியாக வந்து ஓரத்து வரிசையில் குனிந்திருக்கிறாள். செடிக்குள் படுத்திருந்த ஆண் பன்றி எழுந்து முட்டிவிட்டது. தொடையில் நீளக் காயம். பெரிய ஆஸ்பத்திரியில் தையல் போட்டுப் பத்து நாள் படுக்க வைத்தார்கள். நான் தினமும் கஞ்சி கொண்டுபோனேன். இவரும் வருவார். கட்டிலுக்குத் தள்ளி, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அவள் பிழைத்துவிட்டாள், ஆனால் காலை இழுத்துத்தான் நடந்தாள்.

யாரும் இவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பக்கத்து நிலத்துக்காரர்கூடக் கேலியை நிறுத்திவிட்டார். ஒரு நாள் வீட்டுக்கு வந்து, காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"வாத்தியாரே, ஒண்ணே ஒண்ணு விழுந்தா போதும். மத்ததுங்க ஒரு வருசத்துக்கு இந்தப் பக்கம் தல வெக்காது. நம்ம கொல்லையில நாலு பொம்பளைங்க குனிஞ்சு வேல செய்யறாங்க இல்ல?"

"பாக்கலாம்"னு மட்டும் சொன்னார் இவர்.

அவர் போன பிறகு அடுக்களையில் நின்றுகொண்டு நான் கேட்டேன். "என்னங்க, சுட்டுடுவீங்களா?"

"நான் எறும்ப மிதிச்சிருக்கனா?"ன்னு திருப்பிக் கேட்டார். அது பதில் இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. இவராவது சுடுவதாவது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டு அரிசி களையப் போய்விட்டேன்.

மல்லாட்டை பிடுங்குகிற வாரம் வந்தது. கால் பரீட்சை லீவு, அவருக்கும் ஸ்கூல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தோட்டா அடைக்க உட்கார்ந்தோம். அன்றைக்குப் பார்த்து மப்பும் மந்தாரமும். நாலு மணிக்கே அறை இருட்டிக்கொண்டு வந்தது. விளக்கு ஏற்றக் கூடாது, அது முதல் விதி. பொழுது போய்விட்டால் சாப்பிடக் கூடாது, அது எங்கள் விதி. இரண்டுக்கும் நடுவில் ஒன்பது தோட்டாதான் முடிந்திருந்தது. நான் ஜன்னலையும் அவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன்.

"நீ போய் எல வெச்சுடு. மீதி மூணையும் நானே ஒட்டிடறேன். வந்து பொட்டு மட்டும் வெச்சுடு"ன்னார்.

மத்தியானம் வடித்த சாதத்தையும் மோர்க்குழம்பையும் எடுத்து வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன். மூன்றும் நின்றுகொண்டிருந்தன. சாந்துக் குச்சியை எடுத்து ஒன்று, இரண்டு, மூன்று என்று வைத்துவிட்டு, வாங்க வாங்க, பொழுது போவுது என்று அவரைக் கிளப்பினேன். பொட்டலத்தை நான் எண்ணவில்லை. பொட்டு வைப்பதற்கு முன்னால் பொட்டலத்தை எண்ண வேண்டியது என் பொறுப்பு. பத்து வருஷத்தில் அன்றைக்கு ஒரு நாள்தான் எண்ணவில்லை.

மறுநாள் விடியற்காலையில் இரண்டு தோட்டாவை எடுத்துக்கொண்டு போனார். நான் வாசல் தெளித்து, மாட்டைப் பார்த்துவிட்டு, மேசையை ஒழிக்கப் போனேன். பொட்டலங்களைப் பெட்டியில் போடும்போது எண்ணினேன். பதினொன்று. கீழே விழுந்திருக்கும் என்று மேசைக்கடியில் பார்த்தேன். மறுபடி எண்ணினேன். பதினொன்றுதான். அப்படியானால் ஒரு தோட்டாவில் ஈயம் அப்படியே இருக்கிறது, அதன் தலையில் என் பொட்டும் இருக்கிறது.

அலமாரியில் மீதி பத்துத் தோட்டா இருந்தது. முதல் தடவையாக ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தேன். பத்தும் காற்று மாதிரி லேசாக இருந்தன. அப்படியென்றால் நிஜத் தோட்டா அவர் சட்டைப் பையில் போயிருக்கிறது. பொட்டைப் பார்த்துத் தவிடு என்று நம்பித்தான் போடுவார். தவிடுதானே என்று குழலைத் தாழ்த்துவார். நிலம் நிறைய ஆட்கள் குனிந்து மல்லாட்டை பிடுங்குகிற நாள். பன்றி முட்டின அந்தப் பெண்ணும் காலை இழுத்து நடந்து அன்றைக்குத்தான் முதல் முறையாக வேலைக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். ஐயோ, என் அவசரத்தில் என்ன காரியம் செய்துவிட்டேன்! வீட்டைப் பூட்டினேனா என்றுகூட ஞாபகமில்லை.

செங்கம் பஸ்ஸைப் பிடித்து, ஆசிரமத்தைத் தாண்டி, கிரிவலப் பாதை பிரிகிற இடத்தில் இறங்கினேன். அன்றைக்குப் பௌர்ணமி என்பது இறங்கின பிறகுதான் தெரிந்தது. காலையிலேயே ஜனம் நடந்துகொண்டிருந்தது. செருப்பை வீட்டிலேயே விட்டு வந்திருந்தேன். தலை கலைந்து, கால் வெறுமையாக, மூச்சிரைக்க ஒருத்தி ஓடினால் சும்மா இருப்பார்களா? ஏதோ பெரிய வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டு வழிவிட்டார்கள். அரோகரா என்று ஒருத்தர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். பிரம்புக் கம்பு வைத்திருந்த ஒரு பெரியம்மா, "மெதுவா போம்மா, மல எங்கியும் போயிடாது"ன்னாள். நான் நயினார் வீட்டுப் பெண், மலையைச் சுற்ற வரவில்லை என்று நின்று விளக்கவா முடியும்? எனக்கும் சேர்த்து நீங்க கும்பிட்டுக்குங்கம்மா என்று சொல்லிவிட்டு ஓடினேன். அதை நிஜமாகவேதான் சொன்னேன்.

ஓடுகிற வழியெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன், வெடிச் சத்தம் கேட்குமோ என்று. கேட்கவில்லை. ஏற்கெனவே சுட்டு முடித்திருந்தால்? அதையும் நினைத்தேன்.

நிலத்துக்குள் நுழைந்ததும் முதலில் ஆட்களைத்தான் எண்ணினேன். எட்டுப் பேரும் அந்தக் கோடியில் குனிந்திருந்தார்கள், யாரோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். காலை இழுக்கிறவள் உட்கார்ந்தபடியே காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். எனக்குப் போன உயிர் வந்தது. இவர் கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தார். துப்பாக்கி மடங்கித் திறந்தபடி மடியில் கிடந்தது, குழல் காலியாக இருந்தது. சட்டைப் பையில் சிவப்பு மைப் பேனாவுக்குப் பக்கத்தில் இரண்டு தோட்டாவும் பொட்டோடு எட்டிப் பார்த்தன.

"சுடாதீங்க"ன்னேன். மூச்சு வாங்கியது. "அதுல ஒண்ணு நெசத் தோட்டா. பொட்டலம் பதினொண்ணுதான் இருக்குது. பொழுது போவுதேன்னு அவசரத்துல எண்ணாம பொட்டு வெச்சுட்டேன். தப்பு என்னுதுதான். யாருக்காவது எதாவது ஆகியிருந்தா நான் இன்னா பண்ணியிருப்பேன்? என்ன மன்னிச்சிடுங்க."

அவர் பக்கத்திலிருந்த தூக்குச்சட்டியைத் திறந்து தண்ணீர் கொடுத்தார். நான் குடித்து முடிக்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன் மேல தப்பு இல்ல"ன்னார். "அது நான் காலி பண்ணாம வெச்சது."

எனக்குப் புரியவில்லை.

"தெரிஞ்சுதான் வெச்சேன். பன்னிய சுடணும்னு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நிஜத் தோட்டா கனக்கும். நான்தான் கையில் எடுத்ததே இல்லை. இத்தனை வருஷமாக ஒவ்வொன்றையும் எடுத்து அடைத்தவருக்கு, கொட்டின ஈயத்தைப் பொட்டலம் கட்டினவருக்கு, எது கனம் எது லேசு என்று தெரியாமலா போகும்? அதை யோசிக்காமல் செங்கம் ரோட்டிலிருந்து ஓடி வந்திருக்கிறேன் பாருங்கள், என் புத்தியை என்ன சொல்ல.

"வந்துதா?"ன்னு கேட்டேன்.

"வந்துது. இவங்கல்லாம் வர்றதுக்கு முன்னாடி. அதே ஆண் பன்னிதான். இருவது அடி கூட இருக்காது. நெசத் தோட்டாவப் போட்டு, குறியும் வெச்சேன்."

"அப்புறம்?"

"பாத்துக்கினே இருந்தேன். தின்னுது. போயிட்டுது."

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். கொலை நடக்கவில்லை, என் மேல் தப்பும் இல்லை. ஆனால் எனக்கு வந்தது கோபம். அந்தக் கோடியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தேன். சுட்டிருந்தாலும் என்னால் தாங்கியிருக்க முடியாது, சுடாததையும் அவளைப் பார்த்தபடி தாங்க முடியவில்லை. ஆனால் அதற்குக்கூட இல்லை அந்தக் கோபம்.

"சுடறதுன்னா சுடுங்க"ன்னேன். "எங்கிட்ட சொல்லிட்டுச் சுடறது. பொட்டு வெக்கச் சொன்னீங்களே. எலய வெச்சுட்டு வான்னு என்ன அனுப்பிட்டு, நெசத் தோட்டாவ நிறுத்தி வெச்சு, அதுக்கும் என் கையால பொட்டு வெக்கச் சொன்னீங்களே. பொட்டு இருந்தா பொய் இல்லன்னு இத்தினி வருசமா நெனச்சுக்கினு இருந்தேனே நான்."

அவர் தலை குனிந்துகொண்டார். வகுப்பில் விடை தெரியாத பையன் மாதிரி, தோட்டாக்களைப் பையிலிருந்து எடுத்து இரண்டையும் உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார்.

"பொட்டு இல்லன்னா நீ கேப்ப"ன்னார் கடைசியில். "கேட்டா எனக்குச் சொல்லத் தைரியம் வராது. சொன்னா, சுடத் தைரியம் வராது."

திரும்பிப் போகும்போது சைக்கிளில் ஏறச் சொன்னார். ஏறவில்லை. பாதையில் அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வர, நான் பத்தடி முன்னால் நடந்தேன். எதிரே வந்த ஒருத்தர், புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் சேர்ந்து மலை சுற்றுவது ரொம்ப விசேஷம் என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு இருந்த கோபத்தில் அவரையும் முறைத்தேன்.

அடுத்த வருஷத்திலிருந்து அந்த நிலத்தில் மல்லாட்டை இல்லை, ஆமணக்கு. அதைப் பன்றி தொடாது. நாலு பேர் சிரித்தார்கள், சிரிக்கட்டும். துப்பாக்கியை மட்டும் லைசென்ஸ் இருந்த வரைக்கும் வைத்திருந்தார். நிலத்தின் மேட்டுப் பக்கம் போட்ட கம்புப் பயிரில் கிளி விரட்ட வேண்டியிருந்தது. காலை இழுக்கிறவளிடம் நடந்ததை நான்தான் ஒரு நாள் சொன்னேன். சொல்லாமல் இருந்தால் அதுவும் பொய்ப் பொட்டாகிவிடும் என்று தோன்றியது. அவள் காய் உடைப்பதை நிறுத்தாமலே கேட்டாள்.

"வாத்தியாரு சுட்டிருந்தா எங்களுக்குக் கறியாவது கெடச்சிருக்கும் போம்மா"ன்னாள். அப்புறம், "குறி வெச்சாரா, நெசமாவா? எனக்காவா?"ன்னு கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் அடுத்த காயை உடைத்தாள்.

இதெல்லாம் பிறகு. நான் நிலத்துக்கு ஓடினதற்கு மறு ஞாயிற்றுக்கிழமை தோட்டா மேசைக்குப் போகவில்லை. ஊதா நைலக்ஸைக் கட்டிக்கொண்டு, அடுப்பில் காபிக்குத் தண்ணீர் வைத்து, வேண்டுமென்றே அடுக்களையில் உட்கார்ந்திருந்தேன். அவர் வந்து வாசலில் நின்றார். அடுப்பைப் பார்த்தார், புடவையைப் பார்த்தார். காபி ஆற்றிக் கொடுத்தேன், குடித்தார். டம்ளரைத் தானே கழுவி வைத்தார். பிறகு, ஒரு நிமிஷம் வந்து படிச்சுட்டுப் போ என்றார்.

சுவரில் கேள்வித்தாளின் அடியில், இருந்த கொஞ்ச இடத்தில், சிவப்பு மையில் புதிதாக ஒரு வரி இருந்தது. பதினொன்று: மூடிய தோட்டாவை இரண்டாவது ஆளின் கையில் கொடுக்க வேண்டும். அவர் கனம் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே பொட்டு.

அடுப்பை அணைத்து, தணலில் தண்ணீர் தெளித்து, நூல் புடவை கட்டிக்கொண்டு வந்தேன். அதற்கப்புறம் லைசென்சைத் திருப்பிக் கொடுக்கிற வரைக்கும், மூடின ஒவ்வொரு தோட்டாவையும் மேசையில் நிறுத்தாமல் நேரே என் உள்ளங்கையில் வைத்தார். நான் சரி என்று சொல்லும் வரைக்கும் அவருடைய கை அடுத்த தோட்டாவை எடுக்காது. சில நாள் வேண்டுமென்றே சொல்லாமல் நேரத்தைக் கடத்துவேன். காத்திருப்பார்.